பிரிக்கக் கூடாத முடிச்சு

துணி முடிச்சு பேசக் கூடாது. அன்று பேசிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்கால். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த தன் சிகிச்சை அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், மூலையிலிருந்த மரப்பெட்டியை நகர்த்தத் தூக்கினாள். உள்ளே நான்கு முடிச்சுகள். மூன்று ஊமை. பச்சை நூல் கட்டிய நான்காவது மட்டும் 'சரக்' என்றது.

துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டுக் காதருகே ஆட்டினாலும் சொல்லிவிடுவாள். அலுமினியத் தாளுக்குள் மாத்திரை ஆடும் சத்தம். பதினோரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் நின்று அதைக் கேட்டவள் அவள்.

கவுண்டரில் நல்ல பேர்தான் எடுத்திருந்தாள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைத் தலைகீழாகப் பிடித்தும் படிப்பாள். கெட்டுப்போனது ஒரு தச்சரால். தூக்க மாத்திரை வாங்க வந்தவரிடம், "தினமும் ஒண்ணு, படுக்கப் போறதுக்கு முன்னாடி" என்று வழக்கமான பாட்டைப் பாடினாள்.

"தூக்கமெல்லாம் வருதும்மா. முழிச்சதுக்கு அப்புறம்தான் கஷ்டமா இருக்கு. அதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றார் தச்சர்.

"முழிச்சா என்ன ஆகுது?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

இருபது நிமிடம். பின்னால் நின்ற வரிசை கத்தியது. தச்சர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மாத்திரையை வாங்காமலே போனார். அவளுக்கு மெமோ கிடைத்தது. மெமோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பியபோதுதான் உறைத்தது. பதினோரு வருடத்தில் அந்த இருபது நிமிடம்தான் அவள் வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

மாலை வகுப்பில் இயற்கை மருத்துவம் படித்தாள். உணவு, எண்ணெய்ப் பிடிப்பு, மூச்சு, மூலிகை. வேலையை விட்டாள். ஜெராக்ஸ் கடை மாடியைப் பிடித்தாள். ஆட்கள் வந்தார்கள். கழுத்தைப் பிடித்துவிட்டால் நான்கு நாள் சுகம். ஐந்தாம் நாள் வலி திரும்பி வந்து நிற்கும். வலி கழுத்தில் இருந்தாலும் அதன் வீடு வேறெங்கோ இருந்தது. அந்த வீட்டைத் தேடிப் போனவள்தான், பனிமலை நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் நடத்திய ஒன்பது நாள் பயிற்சியில் போய் உட்கார்ந்தாள். ஷாமன் வைத்தியம் என்றார்கள். ஒருவர் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார். பக்கத்தில் ஒரே சீராகத் தோல் மேளம் தட்டப்படும். படுத்திருப்பவர் தன் மனசுக்குள் இறங்கிப் போய், தொலைத்ததை எடுத்துக்கொண்டு, சுமந்ததை வைத்துவிட்டு வருவார்.

முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் அழுகை வந்தது. ஒன்பதாம் நாள் மேளத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

கதவைத் திறந்த கணவன் மேளத்தை மேலும் கீழும் பார்த்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன். எதையும் ஒரு முறை கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் பேசுவான்.

"முதல்ல உடம்புக்கு மருந்து கொடுத்தே. அப்புறம் மருந்த விட்டுட்டு உடம்பப் பிசைஞ்சே. இப்ப உடம்பையும் விட்டுட்டியா? அடுத்து யாருமே வராம வைத்தியம் பார்ப்பே போல."

"கிண்டலா?"

"இல்ல டாக்டரம்மா, அப்ப வாடகை மிச்சமாகுமேன்னு சொன்னேன்."

கிண்டல் செய்தாலும் மேளம் மாட்ட ஆணி அடித்துக் கொடுத்தது அவன்தான்.

ஒரு வழக்கத்தையும் அந்தப் பயிற்சியிலிருந்து கொண்டுவந்திருந்தாள். சிகிச்சை முடிந்ததும் வந்தவர் கையில் ஒரு சதுரத் துணி கொடுப்பாள். விட்டுவிட நினைக்கும் பொருள் எதுவோ, அதை அதில் வைத்து நூல் கட்டிப் பெட்டியில் போட வேண்டும். அவள் அந்த நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை முடிச்சுகளைக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவாள். பிரிக்கக் கூடாது. பார்க்கக் கூடாது. யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. பயிற்சி கொடுத்த பெண் இதை மூன்று முறை சொல்லியிருந்தாள். மோதிரமோ, போட்டோவோ, பழைய கடிதமோ, நாலு வருடத்தில் அவள் ஒரு முடிச்சைக்கூடப் பிரித்ததில்லை. பிரிக்க மாட்டாள் என்று தெரிந்துதான் ஆட்கள் வைத்தார்கள்.

பச்சை நூலை யார் எடுத்தார்கள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த ரயில் நிலைய அறிவிப்பாளர். முப்பத்திரண்டு வயது. ஆறு வருடத்துக்கு முன் இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அமைதியான இடத்தில் அது 'டிக் டிக்' என்று வெளியே கேட்கும். அந்தப் பெண் அறிவிப்புச் செய்யும் அறையோ ஊசி விழுந்தால் கேட்கும் அறை. "மைக்கு புடிச்சிடுதுக்கா. பேசி முடிச்ச அடுத்த நொடி பட்டனை அணைச்சிடுவேன். இல்லன்னா ஸ்டேஷன் பூரா நான் டிக் டிக்தான். கூட வேலை பார்க்கிறவங்க என்னை 'அலாரம்'னுதான் கூப்பிடுறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள், சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். ராத்திரி தலையணையில் காதை வைத்தால் அந்தச் சத்தம். எப்போது நிற்குமோ என்ற பயம்.

வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். இது பழைய மருந்தாளுநருக்குத் தெரியாதா? அதனால்தான், "உனக்குக் கஷாயம் கிடையாது, மூலிகை கிடையாது. எதுவும் அந்த மாத்திரையோட மோதும். வெறும் மேளம் மட்டும்தான்" என்று கறாராகச் சொன்னாள். நாற்பது நிமிடம் மேளம் தட்டினாள். எழுந்தபோது அந்தப் பெண்ணின் முகம் கழுவிவிட்டாற்போல இருந்தது. "ஆத்தங்கரையில ஓடினேன்க்கா. மூச்சே வாங்கல" என்றாள்.

பிறகு துணி. பிறகு பச்சை நூல்.

இப்போது முடிச்சு அவள் உள்ளங்கையில் இருந்தது. தலைவலி மாத்திரையாக இருக்கலாம். செத்துப்போன யாரோ சாப்பிட்ட மாத்திரையாகக்கூட இருக்கலாம். அப்படியானால் பிரிப்பது பெரிய துரோகம். ஒரு பெண் நம்பிக் கொடுத்த ரகசியத்தில் கை விட்டதாக ஆகும்.

பிரிக்காமல் விட்டு, அது அந்த மாத்திரையாக இருந்துவிட்டால்?

நகத்தால் நூலை அறுத்தாள்.

இரண்டு அட்டை. ஒன்றில் நான்கு குழி காலி, மற்றது முழுசு. பெயரைப் படிக்கத் தேவையே இல்லை. அந்த நிறம் போதும். செவ்வாய், புதன், வியாழன். மூன்று வேளை போய்விட்டது. உலோக வால்வில் ரத்தம் எந்த நிமிடமும் கட்டியாகலாம். கட்டி கிளம்பினால் நேரே மூளைக்குப் போகும்.

போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அறிவிப்பு அறையில் போன் கூடாது. அதையும் அந்தப் பெண்ணே சொல்லியிருந்தாள்.

படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். கீழே கணவன் டிரைவிங் ஸ்கூல் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ரயில்வே ஸ்டேஷன். சீக்கிரம்!"

"பத்தரைக்கு எனக்குக் கிளாஸ் இருக்கு."

"ஒருத்தி செத்துடுவா!"

அவன் துணியைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினான். சீட் பெல்ட் போட்டான். அவளையும் போடச் சொன்னான். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, இண்டிகேட்டர். கூரையில் சிவப்பு 'எல்' எழுத்தோடு கார் சாலையில் இறங்கியது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனார்கள். ஒரு சைக்கிள்கூட முந்தியது.

"கொஞ்சம் மிதிக்கக் கூடாதா?"

"மிதிச்சா ரெண்டு பேர் சாவாங்க. என்னன்னு சொல்லு."

சொன்னாள். அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"நீ நிறுத்தச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டான்.

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

"பின்ன ஏன் நிறுத்தினா?"

அவள் கையிலிருந்த அட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி பத்து முப்பத்தெட்டு. தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அந்தக் குரல். தேனில் தோய்த்த, நிதானமான குரல். "இரண்டாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்." ஒரு எழுத்து பிசகவில்லை. தூணில் சாய்ந்து மூச்சு விட்டாள். இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். மேலே போய், மாத்திரையைக் கையில் கொடுத்து, கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனால் முடிந்தது.

அறிவிப்பு அறை மாடியில். படிக்கட்டின் அடியில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மேல போகக் கூடாதும்மா."

"அறிவிப்பாளரைப் பார்க்கணும். ரொம்ப அவசரம்."

"எல்லாருக்கும் அவசரம்தான். அதுக்குத்தான் ரயில் விட்டிருக்கோம்."

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. மணி பத்து நாற்பத்திரண்டு.

"ஆறாவது மேடைநடையில்... ஆறாவது மேடை... நடைக்கு... வர..."

நடைமேடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். "அக்கா இன்னும் தூக்கம் கலையல போல" என்றான் ஒருவன்.

குரல் நின்றுவிட்டது. பட்டன் அணையவில்லை. நிலையம் முழுக்க, இருபது ஒலிபெருக்கிகளிலும், மெல்லியதாக ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

டிக். டிக். டிக்.

"அவங்களுக்குப் பக்கவாதம் வருது. வழி விடுங்க!" என்று பரிசோதகரைத் தள்ளிவிட்டு ஓடினாள். அவரும் பின்னால் ஓடிவந்தார்.

கண்ணாடிக் கதவுக்குள் அறிவிப்பாளர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்தது. எதிரே இருந்த தாளை முறைத்துப் பார்த்தாள். எழுத்துகள் அவளை ஏமாற்றிவிட்டதுபோல.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்று பரிசோதகரை விரட்டிவிட்டு முன்னால் மண்டியிட்டாள். "ரெண்டு கையையும் தூக்கு."

இடது கை எழுந்தது. வலது கை பாதியில் விழுந்தது. கையிலிருந்த மாத்திரையைக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தாள். கூடாது, விழுங்க முடியாமல் புரையேறும். காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று நிமிடம். மெல்ல மெல்ல வாயோரம் மேலே ஏறியது. கட்டி தானாக நகர்ந்திருக்க வேண்டும். அடுத்தது வருமுன் ஆஸ்பத்திரிக்குள் இருந்தாக வேண்டும்.

"அக்கா... நீங்க எங்க... இங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போறோம். எழுந்திரு."

"எதுக்கு? கொஞ்சம் தலை சுத்திச்சு. சரியாயிடுச்சு." அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பதினொண்ணு பத்துக்கு வண்டி இருக்கு. நான் வரல."

"மாத்திரைய ஏன் நிறுத்தினே?"

அறிவிப்பாளர் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "முடிச்சப் பிரிச்சீங்களா?"

"பிரிச்சேன்."

"பிரிக்க மாட்டேன்னு சொன்னீங்க!"

"ஏன் நிறுத்தினே?"

"நீங்கதானே சொன்னீங்க? 'உன்னைக் கட்டிப் போட்டிருக்கிறது எதுவோ, அதை இதுல வெச்சுக் கட்டு. இனிமே அது உனக்கு வேண்டாம்'னு. என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது அதுதான்க்கா. ஆறு வருஷமா சாயங்காலம் ஆறு மணியானா அது. மாசாமாசம் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி. கீரை சாப்பிட்டா திட்டு. காய்கறி நறுக்கும்போது விரல்ல கத்தி பட்டாகூட வீடே அலறும். வேற எதை வைப்பேன்?"

வார்த்தைக்கு வார்த்தை அவள் சொன்னதேதான். ஒவ்வொருவரிடமும் சொல்வது. மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கல்யாண மோதிரத்தைத் தேடினார்கள். இவளோ எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல் படித்துச் சம்பளம் வாங்குபவள். கேட்டதை அப்படியே செய்துவிட்டாள்.

"நான் வரல" என்றாள் அறிவிப்பாளர் மறுபடியும். "அங்க போனா மறுபடி கட்டிப் போடுவாங்க. அன்னிக்குத்தான்க்கா ஆறு வருஷத்துல முதல் தடவையா ஓடினேன். அது பொய்யா? சொல்லுங்க, பொய்யா?"

ஒரு குறுக்குவழி இருந்தது. கண்ணை மூடி, குரலைத் தாழ்த்தி, 'உள்ளிருந்து எனக்கு உத்தரவு வந்திருக்கு, நீ போகணும்' என்றால் போதும். இந்தப் பெண் மறுபேச்சில்லாமல் எழுந்து வருவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அப்படி ஒரு வாக்கை வேதமாக எடுத்துக்கொண்டதுதானே இவளை இந்த நாற்காலியில் சரித்திருக்கிறது?

"நீ ஓடினது பொய் இல்ல" என்றாள். குரல் தானாக உயர்ந்தது. "நான் சொன்னதுதான் தப்பு. எல்லாருக்கும் சொல்ற ஒரே பாட்டை உனக்கும் பாடிட்டேன். என் மேளம் உன் பயத்தக் குறைக்கும். உன் ரத்தத்த அது ஒண்ணும் பண்ணாது. அதுக்கு மாத்திரைதான் வேணும். பதினோரு வருஷம் அந்த மாத்திரைய என் கையால எடுத்துக் கொடுத்தவ நான், எனக்குத் தெரியும். இப்ப நீ வரலன்னா அடுத்த தடவை பேச்சு திரும்பி வராது. ஒருவேளை நீயே திரும்பி வர மாட்டே. என்மேல கோபப்படு, என் முகத்துலயே முழிக்காதே. ஆனா எழுந்து வா!"

அறைக்குள் டிக் டிக் மட்டும்.

கீழேயிருந்து ஒரு முரட்டுக் குரல் வந்தது. "போம்மா! முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ!"

இன்னொரு குரல்: "ரயில் எங்க போயிடப் போகுது? நாங்க பார்த்துக்கறோம்!"

"மாத்திரைய ஒழுங்கா சாப்பிடு கண்ணு!" என்றது ஒரு வயசான குரல்.

இருவரும் ஒரே நேரத்தில் மைக்கைப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ!" என்று அறிவிப்பாளர் பாய்ந்து பட்டனை அணைத்தாள். வலது கையால். அது கொஞ்சம் தடுமாறினாலும் அணைத்துவிட்டது. முகம் செக்கச் சிவந்து, தலையில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாமே போயிடுச்சா? கீரை வரைக்குமா?"

"கீரை வரைக்கும்."

"மானம் போச்சுக்கா. இனிமே நான் எப்படி இங்க..." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எழுப்பி விடுங்க. கால் மரத்துக் கிடக்கு."

ஆம்புலன்ஸ் கொண்டுபோய் இறக்கிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுது?"

"பத்து நாற்பத்திரண்டு. அஞ்சாறு நிமிஷத்துல பேச்சு திரும்பிடுச்சு. உலோக வால்வு. மூணு வேளை மாத்திரை எடுக்கல" என்றாள் அவள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நிறுத்தச் சொன்னது யாரு?"

"நான்."

"இவங்க சொல்லல டாக்டர், நான்தான் தப்பா..." என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"வழக்கை அப்புறம் பேசிக்கலாம். ஸ்கேனுக்குக் கொண்டு போங்க."

நான்கு மணி நேரம். வால்வில் பெரிய கட்டி இல்லை. போன சின்னதுகள் மூளையில் தழும்பு விடவில்லை. ரத்தத்தை இளக்கும் மருந்து குழாய் வழியாக இறங்கத் தொடங்கியது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அறிவிப்பாளரின் அண்ணன் அப்போதுதான் வந்து சேர்ந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். கையில் கிரீஸ், தோளில் கருவிப் பை. தங்கையின் தலையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு வராந்தாவுக்கு வந்தான்.

"யாரு அந்த மேளக்காரி?"

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். "நான்தான்."

காரில் பின்னாலேயே வந்திருந்த கணவன் பக்கத்தில் வந்து நின்றான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"மாத்திரைய நிறுத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையா நீங்க?"

"கஷாயம் வேண்டாம்னு சொன்னேன். மாத்திரைய நிறுத்தாதேன்னு சொல்லல. சொல்லியிருக்கணும்."

திட்டத் தயாராக வந்த அவன்தான் தடுமாறினான். சண்டைக்குச் சேர்த்துவைத்த மூச்சு முழுக்க வெளியே போனது. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அந்த டாக்டர் கடகடன்னு என்னமோ நம்பர் சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்குப் பாதி புரியல. ஆறு வருஷமா புரியல. புரியாமத்தான் அவளத் திட்டிட்டே இருந்தேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவசரப்படாமல் சொன்னாள். ரத்தம் எவ்வளவு இளகலாம், எவ்வளவு இளகக் கூடாது, மாசாமாசம் ஊசி எதற்கு, மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் கீரையை ஏன் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும், அடியோடு நிறுத்தத் தேவையே இல்லை என்பதெல்லாம்.

"அதாவது மேலயும் போயிடக் கூடாது, கீழயும் போயிடக் கூடாது. சொன்ன மாடியில நிக்கணும்" என்றான் அவன்.

"அதேதான்."

"இப்படிச் சொல்லியிருந்தா எனக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்குமே." கிரீஸ் கையைக் காற்சட்டையில் துடைத்தான். "அடுத்த வேளை எப்ப?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு. நர்ஸ் வந்து கொடுப்பாங்க."

"கொடுக்கட்டும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கமேல எனக்குக் கோபம் போகல. ஆனா அவ அதை முழுங்குற வரைக்கும் நீங்க இங்கயே இருங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பத்தரை மணி கிளாஸை எப்போதோ மறந்திருந்தான். கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவளுக்கு மறுபக்கம் வந்து உட்கார்ந்தான்.

மணி மூன்றரை.